ஒற்றை வரியில் ஒரு பிரிண்டர்

விசைத்தறிகள் ஓயாது இரையும் எடப்பாடியில், பில் போடும் ஜவுளிக் கடையானாலும் சான்றிதழ் அச்சிடும் இ-சேவை மையமானாலும், ஒரே பிரிண்டரை நான்கைந்து கணினிகள் பங்கிட்டுக்கொள்வது சர்வ சாதாரணமாகிவிட்டபடியால், அதன் டிரைவரை மௌஸால் சொடுக்கிச் சொடுக்கி நிறுவுவதைவிடக் கட்டளை வரியில் நிறுவுவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். லினக்ஸில் இக்காரியத்தை நிர்வகிப்பது, 1999-இல் மைக்கேல் ஸ்வீட் வெளியிட்ட கப்ஸ் என்னும் மென்பொருள். 'எல்பிஅட்மின்' என்று தட்டி, '-பி'க்குப் பின் பிரிண்டரின் நாமத்தையும், '-வி'க்குப் பின் அதன் ஐபிபி விலாசத்தையும், '-எம்'முக்குப் பின் 'எவ்ரிவேர்' என்பதையும், பெரிய எழுத்தில் '-இ'யையும் கொடுத்தால், அந்த 'எவ்ரிவேர்' முறையை ஆதரிக்கும் புதிய பிரிண்டருக்குக் கம்பெனி டிரைவரைத் தேடும் பிரயாசையே இல்லை. அந்த '-இ' ஒரு விசித்திரப் பிறவி: பெயருக்குப் பின் வந்தால் பிரிண்டரை இயக்கத்திற்குக் கொணரும், முன்னே வந்தாலோ இணைப்பை ரகசியக் குறியாக்கம் செய்யென்று அர்த்தம்! நோட்டில் எழுதிவைத்த அதே வரியை அடுத்த கணினியிலும் அப்படியே தட்டலாம். சொடுக்கிய வரிசையை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? ஆனால், மின்சாரம் போய்வந்ததும் ரௌட்டர் பிரிண்டருக்குப் புது விலாசம் வழங்கிவிடுமாயின் இத்தனையும் விருதாவாகுமாதலால், முதலில் அவ்விலாசத்தை ரௌட்டரிலேயே நிரந்தரமாக்கிவிடுவது அவசியம்.