கதாநாயகியின் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்

அறுவை சிகிச்சைக்குப் போகிற நோயாளியைத் தயார்செய்யும்போது உதட்டுச்சாயத்தையும் நகப்பூச்சையும் அழித்துவிடுவோம். உடம்பில் ஆக்சிஜன் குறைந்தால் உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கும். சாயம் இருந்தால் அது கண்ணுக்குத் தப்பிவிடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் நகப்பூச்சுக்கு மேல் சரியாகக் காட்டாமல் போகலாம். அரசு மருத்துவமனை வார்டுகளில் நர்ஸாக வேலைபார்த்து ஓய்வுபெற்றவள் நான். நம் சீரியல்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடும் கதாநாயகி, தீட்டிய புருவமும் சிவந்த உதடுமாகக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்த உதட்டைத் துடைத்தால்தானே அவளுக்கு என்ன ஆகிறதென்று தெரியும்?

சாயத்தின் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. பூசிக்கொள்வதும் பூசாமல் இருப்பதும் அவரவர் விருப்பம். ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் முதல் வேலையாக அவள் முகத்தை அவளிடமிருந்து எடுத்துவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். சொந்த முகத்தோடு நின்ற கதாநாயகிகளும் தொலைக்காட்சியில் வந்திருக்கிறார்கள். அவர்களில் சிலரைக் கடைசிவரை அப்படியே இருக்கவிட்டார்கள். சிலரைப் பாதியில் பிடித்துச் ‘சரிசெய்து’விட்டார்கள். இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. என் கையில் இருக்கும் வாட்சும் அதற்கு ஒரு காரணம்.

நான் கட்டியிருப்பது எச்.எம்.டி. பைலட். கருப்பு டயல், பெரிய எண்கள், நடுவில் நீளமான செகண்ட் முள். தினமும் சாவி கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதுரையில் வாங்கினேன். கடைக்காரர் லேடீஸ் வாட்ச் தட்டைத்தான் முதலில் எடுத்து வைத்தார். எல்லாம் புளியங்கொட்டை அளவு முகம். பலவற்றில் செகண்ட் முள்ளே கிடையாது.

செகண்ட் முள் இல்லாத வாட்சைக் கட்டிக்கொண்டு ஒரு நர்ஸ் என்ன செய்வாள்? நாடி எண்ண வேண்டும். 500 மில்லி டிரிப்ஸ் எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டுமென்றால், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழுகிற குழாயில் நிமிடத்துக்கு 21 சொட்டு வைக்க வேண்டும். சளியும் இருமலுமாகத் தூக்கிவரும் பச்சைக்குழந்தைக்கு மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்கு தவறும், ஏனென்றால் அந்த வயதில் மூச்சு ஒரே சீராக வராது. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அது 60-ஐத் தொட்டுவிட்டால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். நைட் டியூட்டியில், விளக்கணைத்த வார்டில், தூங்குகிற தாயை எழுப்பாமல் இதைச் செய்ய வேண்டும். பைலட்டின் எண்களிலும் முட்களிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு உண்டு. எங்கள் பேச்சில் அது ‘ரேடியம் வாட்ச்’.

“ஆம்பளை வாட்ச் எதுக்குடி உனக்கு?” என்று உடன் வேலைபார்த்தவர்கள் கேட்டார்கள். கல்யாணத்தின்போது என் அத்தை, “மணப்பொண்ணு கையில போலீஸ்காரர் வாட்சா? கழட்டு முதல்ல” என்றார். தங்கமுலாம் பூசிய மெல்லிய வாட்ச் ஒன்று சீரோடு வந்தது. விசேஷங்களுக்கு அதைக் கட்டிக்கொண்டேன். டியூட்டிக்கு பைலட்தான். யாரையும் எதிர்ப்பதற்காக நான் அதைக் கட்டவில்லை. வேலைக்கு அது பொருந்தியது, கட்டினேன். போகப்போக, “பெரிய வாட்ச் கட்டின சிஸ்டர் இருக்காங்களா?” என்று என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். தனித்தன்மை என்று பெரிதாகப் பேசுகிறோமே, எனக்கு அது வேலையின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

எச்.எம்.டி. 1953-ல் பெங்களூரில் பிறந்த பொதுத்துறை நிறுவனம். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் ஒத்துழைப்போடு அங்கே வாட்ச் தொழிற்சாலை வந்தது. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா என்று வீட்டுக்கு வீடு அதன் பெயர்கள் புழங்கின. பார்வையற்றவர்களுக்கென்று, மூடியைத் திறந்து முள்ளை விரலால் தொட்டு மணி பார்க்கும் பிரெயில் வாட்சும் செய்தார்கள். 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கிய பிறகு, ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்கள் வரத் தொடங்கின. மெல்லியவை, அழகானவை, சாவி கொடுக்க வேண்டியதில்லை, நேரமும் இன்னும் துல்லியம். சாவி வாட்ச் பழசாகிப்போனது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இப்போது இளைஞர்கள் பழைய பைலட்டையும் ஜனதாவையும் தேடி அலைகிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அவர்களிடம் ஒன்று சொல்வேன்: வாங்கினால் கட்டுங்கள். கண்ணாடியில் கீறல் விழட்டும். அலமாரியில் பூட்டிவைத்துப் படம் காட்டுவதற்கு அந்த வாட்சைச் செய்யவில்லை.

இனி அந்தக் கதாநாயகிகளுக்கு வருகிறேன். நான் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்த 1985-ல் தூர்தர்ஷனில் ‘ரஜனி’ வந்தது. இயக்கியவர் பாசு சாட்டர்ஜி. ரஜனியாக நடித்தவர் பிரியா தெண்டுல்கர், மராத்தி நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கரின் மகள். ஹாஸ்டலில் இருந்த ஒரே டி.வி. முன்னால் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருப்போம். பலருக்கு இந்தி தெரியாது. கேஸ் சிலிண்டர் ஏஜென்சியிலும் டாக்சியிலும் ஒரு குடும்பத்தலைவி நியாயம் கேட்கிறாள் என்பது புரிய இந்தி எதற்கு? சாதாரணச் சேலை, நெற்றியில் பொட்டு, விட்டுக்கொடுக்காத குரல். கதாநாயகி என்றால் அழ வேண்டும், இல்லையென்றால் ஆட வேண்டும் என்றிருந்த காலத்தில் இவள் புகார் கொடுத்தாள். டாக்சிக்காரர்களைப் பற்றிய கதை வந்தபோது மும்பையில் டாக்சி ஓட்டுநர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கும் அளவுக்கு அது உறைத்தது. தொடர் முடியும்வரை ரஜனி ரஜனியாகவே இருந்தாள். அவளை யாரும் அழகுபடுத்தவில்லை. 1989-ல் வந்த ‘உடான்’ தொடரில் போலீஸ் அதிகாரியாகும் கல்யாணியும் அப்படித்தான். தன் அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையிலிருந்து அதை எழுதி, இயக்கி, நடித்தவர் கவிதா சௌத்ரி. அந்த அக்கா பின்னால் உத்தராகண்டில் நாட்டின் முதல் பெண் டி.ஜி.பி. ஆனார்.

பிறகு பெட்டி என்ற பெண் வந்தாள். 1999-ல் கொலம்பியாவின் ஆர்.சி.என். தொலைக்காட்சியில் பெர்னாண்டோ கைடான் எழுதிய தொடரின் நாயகி அவள். பொருளாதாரம் படித்த கெட்டிக்காரப் பெண், பல்லில் கம்பி, தடித்த கண்ணாடி, பழங்கால உடை. முகத்தைப் பார்த்து வேலை தர மறுக்கும் ஊரில், ஒரு ஃபேஷன் நிறுவனத்தில் செயலாளராக நுழைகிறாள். அவளுடைய கணக்குத் திறமையால் நிறுவனமே மெல்ல அவள் கைக்கு வருகிறது. உலகம் முழுக்க இந்தக் கதையைத் தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டார்கள். இந்தியில் 2003-ல் சோனியில் ‘ஜஸ்ஸி ஜைஸி கோயி நஹி’ ஆனது. ஜஸ்ஸியாக நடித்த மோனா சிங்கின் நிஜ முகத்தை ஆரம்பத்தில் வெளியே காட்டாமலே வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 2006-ல் ‘அக்லி பெட்டி’, அதாவது ‘அழகில்லாத பெட்டி’ ஆனது. அதற்காக அமெரிக்கா ஃபெரேரா எம்மி விருது வாங்கினார்.

பெட்டியை நான் நேசித்தேன். அதனால்தான் எழுதுகிறேன். கொலம்பியாவில் அவள் கடற்கரை நகரமான கார்த்தஹேனாவுக்குப் போய் உருமாறித் திரும்புகிறாள். இந்தியில் ஜஸ்ஸி ஒருநாள் ஜெஸிகா என்ற பளபளப்பான பெண்ணாக வந்து நிற்கிறாள். அமெரிக்கத் தொடரின் கடைசிப் பருவத்தில் பல்லின் கம்பி கழற்றப்படுகிறது. இறுதிக் காட்சியில் தலைப்பிலிருந்து ‘அக்லி’ என்ற சொல் மறைந்து ‘பெட்டி’ மட்டும் நிற்கிறது. அந்தச் சொல் மறைவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதல் அத்தியாயத்திலேயே அது மறைந்திருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன்.

பல்லுக்குக் கம்பி போட்டால் ஒருநாள் எடுக்கத்தான் வேண்டும், பெண்ணுக்கு அழகாக இருக்க ஆசை இருக்காதா என்று கேட்பார்கள். இருக்கும். ஜஸ்ஸி தன் ஆசைக்காகத் தலைமுடியை வெட்டிக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கதை அதைப் பரிசாகக் கொடுக்கிறது. இத்தனை நாள் பொறுத்தாய், உழைத்தாய், இந்தா உனக்கு நல்ல முகம் என்கிறது. அவளைப் போலவே கண்ணாடி போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்துத் தைரியம் பெற்ற பெண்ணுக்கு அந்த இடத்தில் என்ன மிச்சம் இருக்கிறது? அத்தனை வருஷமும் அவளோடு நடந்து வந்தவளை வாசலிலேயே நிறுத்திவிட்டு பெட்டி மட்டும் உள்ளே போய்விடுகிறாள்.

என் மகள் இங்கிலாந்தில் யார்க்ஷயரில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே வேலையின்போது முழங்கைக்குக் கீழே பெரும்பாலும் எதுவும் அணியக் கூடாது, கையைச் சுத்தமாகக் கழுவ வேண்டும் என்பதற்காக ரிஸ்ட் வாட்சுக்கே தடை. அதற்குப் பதில் நர்ஸ்கள் சட்டையின் நெஞ்சுப் பக்கம் தலைகீழாகத் தொங்கும் சிறு வாட்ச் ஒன்றைக் குத்திக்கொள்கிறார்கள். எதிரே நிற்பவருக்கு எண்கள் கவிழ்ந்து தெரியும். குனிந்து பார்க்கும் நர்ஸுக்கு மட்டும் நேராகத் தெரியும். அணிந்திருப்பவளுக்காகவே செய்த பொருள் அது. நான் முதலில் பார்த்தபோது மகளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அவள் வீட்டில்தான், வசன எழுத்துகளின் துணையோடு, ‘ஹேப்பி வேலி’ பார்த்தேன். 2014-ல் பி.பி.சி.யில் தொடங்கி 2023-ல் முடிந்தது, அதே யார்க்ஷயர் மண்ணின் கதை, எழுதியவர் சாலி வெயின்ரைட். கேத்தரின் கேவுட் ஒரு போலீஸ் சார்ஜென்ட். மகளை இழந்தவள், பேரனை வளர்க்கும் பாட்டி, விவாகரத்தானவள், போதையிலிருந்து மீண்ட தங்கையோடு ஒரே வீட்டில் இருப்பவள். நடித்த சாரா லங்காஷையர் 1964-ல் பிறந்தவர். முகத்தில் களைப்பு தெரியும், உடம்பில் வயது தெரியும், சீருடையின் மேல் பளிச்சென்ற மஞ்சள் பாதுகாப்பு அங்கி. மூன்று பருவம் முடிந்து ஓய்வுபெறும்வரை அவளை யாரும் ஒப்பனைக் கண்ணாடி முன் உட்காரவைக்கவில்லை. பார்வையாளர்கள் ஓடிவிடவும் இல்லை, பிரிட்டன் முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள். ‘அப்படி எடுத்தால் யார் பார்ப்பார்கள்?’ என்று நம்மூரில் கேட்பவர்களுக்கு என் பதில் கேத்தரின்தான்.

நம்மிடமும் நல்ல விதைகள் விழுந்திருக்கின்றன. ‘கோலங்கள்’ அபி கட்டுமானத் தொழில் நடத்தினாள். ‘பாக்கியலட்சுமி’யில் வளர்ந்த பிள்ளைகளின் தாய், சமையலைத் தொழிலாக்கித் தன் காலில் நின்றாள். என் தெருவில் நடுத்தர வயதுப் பெண்கள் அவளைப் பற்றிச் சொந்தக்காரியைப் போலப் பேசினார்கள். ஆனால் 2019-ல் தொடங்கிய ‘பாரதி கண்ணம்மா’ என்னைக் காயப்படுத்தியது. கருப்பாக இருப்பதால் ஒதுக்கப்படும் பெண்ணின் கதை. எடுக்க வேண்டிய கதை. அதற்கு நடிகையின் முகத்தில் கருமை பூசினார்கள். தமிழ்நாட்டில் கருத்த பெண்ணுக்கா பஞ்சம்? ரத்தசோகை பார்க்க எங்களுக்குச் சொல்லித்தரும்போது, கீழிமையை இழுத்து உட்புறத்தைப் பார், நாக்கைப் பார், உள்ளங்கையைப் பார் என்றார்கள். எந்த நிறத்து நோயாளியையும் சரியாகப் பார்க்கும் வழி இருக்கிறது. பார்க்கிறவர் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒளிப்பதிவாளர்களாலும் முடியும்.

சேனல்காரர்களுக்கும் சீரியல் எழுதுகிறவர்களுக்கும் நான் ஒரு கதாநாயகியைத் தருகிறேன். கிராம சுகாதார செவிலியர், ஐம்பதைத் தாண்டியவர், கருப்பு, கண்ணாடி, வேகமாக ஓட்டினால் சத்தம் போடும் ஸ்கூட்டி. புதன்கிழமை தடுப்பூசி நாள். பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா மருந்துகளைக் கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிஞ்சியதைப் பயன்படுத்தக் கூடாது. அதனால் திறந்த நேரத்தைப் புட்டியிலேயே எழுதிவைப்பார்கள். இன்னும் இரண்டு குழந்தைகள் வரவில்லை, ஒரு வீட்டில் மாமியார் ஊசி வேண்டாம் என்கிறார், இன்னொரு தாய் செங்கல்சூளைக்குப் போய்விட்டாள், வாட்சில் மணி ஓடுகிறது. ஒரு வார அத்தியாயங்களுக்கு இது போதாதா? அவருக்கு மழையில் நனையும் பாட்டு வேண்டாம். முந்நூறாவது அத்தியாயத்தில் புருவம் திருத்தி, கண்ணாடி கழற்றி, வேறு பெண்ணாகக் கொண்டுவந்து நிறுத்தவும் வேண்டாம். எழுத முன்வருகிறவர்கள் வரட்டும். இப்படி வேலைபார்த்த பெண்களோடுதான் என் பணிக்காலம் கழிந்தது. அவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது.