ஸ்டோர்ஸ்காரர் திருடன் இல்லைங்க!

போன வாரம் திருவொற்றியூர்ல ஒரு உதிரிபாகக் கம்பெனிக்கு ஆணி புடுங்கப் போயிருந்தேன். (பேரெல்லாம் கேக்கப்படாது.) சிஸ்டத்துல பேரிங் இருக்கு, ராக்குல இல்ல. புஷ் ராக்குல குவிஞ்சு கிடக்கு, சிஸ்டம் "பத்தாது, வாங்கு"ங்குது. மீட்டிங்ல ஒரே தீர்ப்பு: "ஸ்டோர்ஸ்ல கை வெக்கிறாங்க." 20 வருஷமா அங்க இருக்கற அண்ணன் தலைகுனிஞ்சு நிக்கறாரு. அவர் சம்பளத்துல புடிக்கலாமான்னு பேச்சு. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு.

மொதல்ல புஷ் கதை. கையில 500. ஒரு ஆர்டருக்கு 300 அலொகேட் பண்ணியாச்சு. கஸ்டமர் நடுவுல "180 போதும்"னுட்டாரு. மிச்சம் 320. ஆனா அந்த ஆர்டரை யாரும் க்ளோஸ் பண்ணலை. 120 இன்னும் அது பேர்லயே இருக்கு. பஸ்ல துண்டு போட்டுட்டு எறங்கிப் போன ஆளு மாதிரி! அதனால ஃப்ரீ ஸ்டாக் 200தான்னு காட்டும். அடுத்த ஆர்டருக்கு 250 கேட்டா, "50 வாங்கு"ன்னு கத்தும். யார் திருடினது?

அடுத்து பேரிங். இங்க பேக்ஃப்ளஷ். ஒரு அசெம்பிளிக்கு 2 பேரிங்னா, 100 முடிஞ்சதும் சிஸ்டமே 200 கழிச்சுக்கும். நைட் ஷிஃப்ட்ல உடைஞ்சது 12? ஸ்க்ராப் என்ட்ரி போட்டாத்தானே தெரியும்! அந்த ஸ்க்ரீனுக்கு லாகின் பகல் சூப்பர்வைசருக்கு மட்டும். அப்படி டிசைன் பண்ணது யாரு? என்னை மாதிரி ஏசியில பொட்டி தட்டுறவன்தான்.

இது போதாதுன்னு மாசக் கடைசி டார்கெட். எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் வரிசையில லாரி நிக்கும்போதே ஜி.ஆர்.என். போட்டாச்சு. சரக்கு ரோட்டுல, ஸ்டாக் சிஸ்டத்துல.

நம்ம ஊர் ஆளுங்க சரியில்லைன்னு சொல்றவங்களுக்கு: 1999ல அமெரிக்காவுல ஹெர்ஷீஸ் சாக்லேட் கம்பெனி புது ஈ.ஆர்.பி. போட்டு, சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப முடியாம முழிச்சுது. அதுவும் ஹாலோவீன் சீசன்ல. எம்.ஆர்.பி. பத்தி 1975லயே புத்தகம் எழுதின ஜோசப் ஆர்லிக்கி, ஸ்டாக் கணக்கு சரியா இருக்கணும்ங்கறதை முன்நிபந்தனையாவே வெச்சாரு. நாம அதை விட்டுட்டு ஸ்க்ரீன் கலரை மாத்திக்கிட்டு இருக்கோம்.

திருட்டே நடக்காதான்னு கேப்பீங்க. நடக்கும். ஆனா ஆளைப் புடிக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. அசையாம தொங்கற பழைய ஆர்டர் எத்தனை? ஸ்க்ராப் பூஜ்யம்னு காட்டற ஷிஃப்ட் எது? ஜி.ஆர்.என். நேரமும் கேட் ரெஜிஸ்டர் நேரமும் ஒத்துப் போகுதா? அரை நாள் வேலை. மனுஷன் மானத்தைவிட அரை நாள் பெருசா?

சாப்பாட்டு நேரத்துல அந்த அண்ணன் ஒரு நோட்டை நீட்டினாரு. தேதி, ஷிஃப்ட், உடைஞ்ச எண்ணிக்கை எல்லாம் பென்சில்ல வரிசையா இருக்கு.

"தம்பி, இதை எந்த ஸ்க்ரீன்ல போடறது?"

பதில் சொல்ல வாய் வரலைங்க. சம்பளப் பிடிப்பு இன்னும் பேச்சுலதான் இருக்கு. அந்த நோட்டை ஸ்கேன் பண்ணி நாளைக்கு மீட்டிங்ல வெக்கப் போறேன். ஆனது ஆகட்டும்.