விற்கப்பட்ட வெற்றி

ஓர் அணி இந்த ஆண்டு சம்பியனாகி அடுத்த ஆண்டே சரிந்துவிட்டால், "தலைக்கனம் ஏறிவிட்டது" என்று வீரர்களைத்தான் ஏசுகிறோம். அமெரிக்காவின் புளோரிடா மார்லின்ஸ் என்ற பேஸ்போல் அணியின் கதையை வாசித்த பிறகு எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை.

1993இல் முதன்முதலாகக் களமிறங்கிய இவ்வணி 1997இல் உலகத் தொடரையே வென்றது. கிளீவ்லண்ட் அணியுடனான ஏழாவது போட்டியில், 11ஆவது இன்னிங்ஸில் எட்கர் ரென்டேரியா அடித்த பந்தில் வெற்றி கிடைத்தது. (கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு 11 இன்னிங்ஸ் வேடிக்கைதான். அங்கே 9 இன்னிங்ஸில் சமநிலை என்றால் ஆட்டம் தொடரும்.)

ஆனால் உரிமையாளர் வெய்ன் ஹைசெங்கா, வென்ற ஆண்டிலும் நட்டம்தான் என்றார். சம்பளம் கூடியவர்களை வேறு அணிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். மொய்ஸஸ் அலூ ஹியூஸ்டனுக்குப் போனார். பந்துவீச்சாளர் கெவின் பிரவுன் சான் டியாகோவுக்குப் போனார். 1998 மே மாதத்தில் கெரி ஷெஃபீல்ட் உட்பட ஐவர் லொஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பப்பட்டனர். பதிலுக்கு வந்த மைக் பியாசா ஐந்தே போட்டிகள் ஆடினார். அவரையும் நியூயோர்க்குக்கு அனுப்பிவிட்டார்கள்! 1997இல் 92 போட்டிகளில் வென்ற அணி 1998இல் 54இல் மட்டுமே வென்று 108இல் தோற்றது. பிரவுனைப் பெற்ற சான் டியாகோவோ அதே ஆண்டு உலகத் தொடர் வரை சென்றது.

வெற்றியே வீரர்களின் விலையை ஏற்றிவிடுகிறது. இளம் வீரருக்கு முதல் சில ஆண்டுகள் சம்பளம் குறைவு. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆடிய பின் விரும்பிய அணியுடன் அவர் பேரம் பேசலாம். அந்த விலையைக் கொடுக்கப் பணக்கார அணிகள் காத்திருக்கின்றன. கொடுக்க மனமில்லாத உரிமையாளர் அதற்கு முன்பே விற்றுவிடுகிறார்.

விற்றதில் பயனில்லையா என்று கேட்கலாம். பிரவுனுக்குப் பதிலாக வந்த டெரெக் லீ, 2003இல் யாங்கீஸை வீழ்த்தி மீண்டும் சம்பியனான அணியில் ஆடினார். உண்மைதான். ஆனால் அந்த அணியும் நிலைக்கவில்லை. அதில் 20 வயதில் ஆடிய மிகேல் கப்ரேரா 2007 இறுதியில் டெட்ரொய்ட்டுக்குக் கொடுக்கப்பட்டார்.

உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் எனக்கு இதில் ஒன்று உறுத்துகிறது. நன்மதிப்பும் ஒரு சொத்து என்றுதானே படிக்கிறோம்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வரும் தகப்பன், அடுத்த ஆண்டும் அதே வீரர் இருப்பார் என்று நம்பித்தானே அவருடைய பெயர் போட்ட சட்டையை வாங்கிக் கொடுக்கிறார்? சம்பளத்தைக் குறைத்தவர்கள் அந்த நம்பிக்கையைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

2017 இறுதியில், மயாமி மார்லின்ஸ் என்று பெயர் மாறியிருந்த அணி, அவ்வாண்டின் மிகச்சிறந்த வீரர் விருதை வென்ற ஸ்டான்டனை யாங்கீஸுக்குக் கொடுத்தது. அடுத்த மாதமே யெலிச்சை மில்வாக்கிக்கு அனுப்பியது. 2018இல் அதே விருது யெலிச்சுக்குக் கிடைத்தது. 1997இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து பார்த்த அணியின் சொந்த மைதானப் போட்டிகளுக்கு 2018இல் வந்தவர்கள் ஏறக்குறைய 8 இலட்சம் பேர்தான்.