ஓட வேண்டிய நேரமும் நிதானிக்க வேண்டிய நேரமும்

1995இல் வலிகாமத்தை விட்டும், பின்னர் வன்னியை விட்டும் வெளியேறிய எமது விவசாயக் குடும்பங்கள் பல, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் குடியேறின. கொத்தியும் இறைத்தும் பழகிய உடம்புகள் நாலு சுவருக்குள் முடங்கின. பிறஷரும் சீனி வருத்தமும் பலரைப் பிடித்துக்கொண்டன. அந்தத் தலைமுறை இன்று முதுமையில் நிற்கிறது. அதனாலேயே பாரிசவாதம் பற்றிப் பேச விரும்புகிறோம்.

பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஐயாவின் வாய் திடீரெனக் கோணுகிறது. ஒரு கை விழுகிறது. பேச்சுக் குழறுகிறது. நாம் என்ன செய்கிறோம்? எண்ணெய் பூசுகிறோம். வெளிநாட்டிலுள்ள மகனிடம் யோசனை கேட்கிறோம். "படுத்தெழும்பினால் சரிவரும்" என்கிறோம். பெறுமதியான நேரம் இப்படியே கழிந்துவிடுகிறது.

தூர்ந்த வாய்க்காலில் ஒரு சருகு அடைத்தாலும் தண்ணீர் நின்றுவிடும். மூளைக்குள் செல்லும் நாடியும் கொழுப்புப் படிந்து ஒடுங்குகிறது. ஒடுங்கிய இடத்தில் இரத்தம் கட்டியானால், அதற்கப்பால் உள்ள மூளைப்பகுதி பட்டுப்போகத் தொடங்குகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. ஆனால் அதனைப் பொதுவாக நான்கரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். முந்த முந்தப் பலன் கூடும். ஊசி எல்லோருக்கும் பொருந்தாது. இரத்தக் கசிவினாலும் இதே அறிகுறிகள் வரலாம். சீ.ரி. ஸ்கான் எடுத்த பின்னரே வைத்தியர் தீர்மானிப்பார். எனவே நாமாக அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. விழுங்குவது கடினமாக இருக்கலாம் என்பதால் தண்ணீரும் பருக்கக் கூடாது.

உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் ஆரம்பமான இந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணமில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற, ஸ்கான் வசதியுள்ள பெரிய அரச வைத்தியசாலைக்கே நோயாளி போகவேண்டும். கடைசியாக எத்தனை மணிக்குச் சுகமாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மருந்துகளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

இது ஓட வேண்டிய நேரம். நிதானிக்க வேண்டிய நேரம் பின்னால் வருகிறது.

உயிர் தப்பியதும், "மூளை நாடி ஒடுங்கியிருக்கிறது, கம்பிவலைக் குழாய் வைத்து விரிக்கலாம்" என்று யாராவது சொன்னால், காணி உறுதியை ஈடுவைக்கவும் நாம் தயாராகிறோம். பொறுங்கள். அமெரிக்காவில் இத்தகைய 451 நோயாளரிடம் நடந்த ஆய்வொன்று 2011இல் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. குழாய் வைத்தவர்களுள் 100க்கு ஏறத்தாழ 15 பேர் முதல் 30 நாட்களுக்குள் மீண்டும் பாரிசவாதத்துக்கு ஆளாயினர் அல்லது இறந்தனர். மருந்துகளால் மட்டும் கவனிக்கப்பட்டோரில் அது ஏறத்தாழ 6 பேரே. அம்மருந்துகள் இரத்தம் கட்டியாவதைத் தடுப்பவை, கொழுப்பைக் குறைப்பவை, பிறஷரைக் கட்டுப்படுத்துபவை. கழுத்து நாடி ஒடுக்கம் வேறு விடயம்; அதற்குச் சத்திரசிகிச்சை உதவக்கூடும். மருந்துக்கு மசியாத சிலருக்கு வைத்தியர் வேறு வழி சொல்லவும் கூடும். ஆனால் முதலில் இன்னொரு நரம்பியல் நிபுணரிடமும் கேளுங்கள்.

ஆகவே, பணத்தைத் தேடி ஓடுவதிலும் பார்க்க, அரச கிளினிக்குக்குத் தவறாமல் போவது மேல். "இப்ப சுகம்தானே" என்று குளிசையை நிறுத்துவதே பெரிய ஆபத்து. சுருட்டையும் பீடியையும் விடுவோம். உப்பைக் குறைப்போம். கடற்கரை வீதியிலாவது தினமும் நடப்போம்.

ஊரை இழந்த எமக்கு மிஞ்சியவை ஆட்களும் உறுதிகளும்தான். ஆளைக் காப்பாற்ற விரைவோம். உறுதியை விசாரியாமல் விட்டுவிடாதிருப்போம்.