வீட்டு முகப்பும் எமது வரலாறும்

வோபர்னில் 1950களிலும் 1960களிலும் கட்டப்பட்ட ஒற்றைத் தள வீடுகளை இடித்துவிட்டுப் பெரிய வீடு எழுப்புவது எம்மவரிடையே இன்று சாதாரணமான காரியமாகிவிட்டது. மாநகரசபையின் கட்டட அனுமதி கிடைத்தால் பெரும்பாலும் வேலை தொடங்கிவிடும். இதற்குப் பழகிப்போன குடும்பம், மார்க்கத்தில் உள்ள யூனியன்வில் அல்லது ரொறன்ரோவின் கபேஜ்ரவுன் போன்ற பாரம்பரியப் பாதுகாப்பு வட்டாரம் ஒன்றில் வீடு வாங்கும்போதுதான் வேறொரு சட்டம் இருப்பதை அறிகிறது.

நான் அறிந்த குடும்பம் ஒன்று அவ்வாறான வட்டாரம் ஒன்றில் வீடு வாங்கியது. படியேற முடியாத அம்மம்மாவுக்குக் கீழே ஓர் அறை வேண்டும் என்பதற்காக, முன் விறாந்தையை இடித்து வீட்டை வீதிப்பக்கம் நீட்ட விண்ணப்பித்தார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. "நாங்கள் தமிழர் என்றபடியால்தான்" என்றார் வீட்டுக்காரர். அவருடைய ஆதங்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் வட்டாரத் திட்டத்தை அவருடன் இருந்து வரிவரியாக வாசித்தபோது தெரிந்தது வேறு. வீதியிலிருந்து தெரியும் முகப்பே அங்கு காக்கப்படுவது. அதே அறையைப் பின்பக்கமாகக் கட்டத் தடையேதும் இருக்கவில்லை. பின்னர் அவ்வாறே கட்டினார்கள்.

ஒன்ராறியோ பாரம்பரியச் சட்டம் 1975ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பாதுகாப்பு வட்டாரத்தினுள் ஒரு கட்டடத்தின் வெளிப்புறத்தை மாற்றவும், முழுமையாகவோ பகுதியாகவோ இடிக்கவும் நகரசபையின் தனி அனுமதி தேவை. உட்புறம் இந்த அனுமதிக்குள் அடங்காது. சாமியறை எங்கே, சமையலறை எவ்வளவு பெரிது என்று எவரும் கேட்கப்போவதில்லை. முழுமையான விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக அறிவித்த பின் 90 நாட்களுக்குள் சபை முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிடில் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். மறுத்தால் ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அனுமதியின்றி இடித்தாலோ தண்டப்பணம் பத்து இலட்சம் டொலர் வரை போகலாம். ஒப்பந்தக்காரர் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வதை நம்பி மதிலில் கைவைக்கும் பெற்றோர் இந்தத் தொகையை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இவ்வளவும் வீட்டுக்காரர் அறியவேண்டியவை. என்னை அதிகம் உறுத்துவது மற்றொன்று. இச்சட்டத்தை நாம் எப்போதும் மறிக்கும் சட்டமாகவே சந்திக்கிறோம். காக்கும் சட்டமாக ஒருபோதும் பயன்படுத்துவதில்லை. ஒரு கட்டடத்தைத் தனியாகப் பாரம்பரியச் சொத்தாக அறிவிப்பதற்கு ஒன்பது அளவுகோல்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு பொருந்தினாலே போதும். கட்டடம் அழகாகவோ நூறாண்டு பழையதாகவோ இருக்கவேண்டும் என்ற நியதி அவற்றில் இல்லை. ஒரு சமூகத்துக்கு முக்கியமான நிகழ்வு, நம்பிக்கை, செயற்பாடு, நிறுவனம் ஆகியவற்றோடு நேரடித் தொடர்பு இருப்பதே ஓர் அளவுகோல். அந்தச் சமூகத்தையோ அதன் பண்பாட்டையோ விளங்கிக்கொள்ள உதவும் தகவலைத் தருவது இன்னொன்று. பொறியியல் படித்த என் கண்ணுக்குத் தகரமும் சீமெந்துக் கல்லுமாகத் தெரியும் ஒரு கடைத்தொகுதி, இந்த இரண்டையும் நிறைவேற்றக்கூடும்.

1983இன் பின் வந்திறங்கியவர்கள் முதல் மளிகைக்கடை, முதல் நகைக்கடை, முதல் நடன வகுப்பு ஆகியவற்றை நடத்தியது விக்டோரியா காலத்துச் செங்கல் மாளிகைகளில் அன்று. ஸ்காபரோவின் இத்தகைய கடைத்தொகுதிகளிலேயே. இன்று அந்த நிலங்களைத் தேடி அடுக்குமாடிக் கட்டுநர்கள் வருகிறார்கள். எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கவேண்டும் என்பது என் வாதமன்று. ஊருக்கு வீடுகள் தேவை; எமது பிள்ளைகளுக்கே தேவை. ஆயினும் எதை விடுவது, எதன் முகப்பையேனும் மிச்சம் வைப்பது என்ற பேச்சு நடக்கும் இடத்தில் எமது குரல் இருக்கவேண்டாமா?

பிறர் கேட்டிருக்கிறார்கள். எக்ளின்ரன் மேற்கில் உள்ள 'லிற்றில் ஜமேக்கா'வைப் பண்பாட்டு வட்டாரமாக ஏற்று ஆதரிக்கும்படி ரொறன்ரோ மாநகரசபையிடம் 2020இல் கோரிக்கை வைக்கப்பட்டது. சிங்கப்பூர் தனது 'லிற்றில் இந்தியா'வை 1989இலேயே பாதுகாப்புப் பகுதியாக அறிவித்துவிட்டது. தமிழர் கடை வைத்த வீதிகளும் அதற்குள் அடங்கும். ஒன்ராறியோவில் வழி இப்போது குறுகியிருக்கிறது என்பதும் உண்மை. 2022இன் சட்டத் திருத்தத்தின் விளைவாக, புதிய வட்டாரம் ஒன்றை அமைக்க அதிலுள்ள சொத்துகளில் குறைந்தது 25 வீதமானவை தலா இரண்டு அளவுகோல்களையாவது நிறைவேற்றவேண்டும். ஆதாரமின்றி உணர்ச்சியை மட்டும் கொண்டுபோனால் அங்கு எடுபடாது.

ஆதாரம் எம்மிடம்தான் சிதறிக் கிடக்கிறது. பழைய வாடகை ஒப்பந்தங்கள், திறப்புவிழாப் புகைப்படங்கள், தமிழ்ப் பத்திரிகை விளம்பரங்கள் எல்லாம் நிலக்கீழ் அறைப் பெட்டிகளில் இருக்கின்றன. பெற்றோர் அவற்றை வெளியே எடுக்கட்டும். உயர்பள்ளி மாணவர்கள் தாம் கட்டாயம் செய்யவேண்டிய 40 மணிநேரத் தொண்டில் ஒரு பகுதியை, தங்கள் பள்ளியின் இசைவுடன், இவற்றை வருடியெடுத்துத் திகதியிடுவதில் செலவிடலாம். பல்கலைக்கழகம் முடித்தவர்கள் ரொறன்ரோவின் பாரம்பரியப் பாதுகாப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பொதுமக்களுக்கும் அதில் இடமுண்டு. வோபர்னிலும் அயலிலும் தொடங்குவதாயின், மார்க்கம் வீதிக் கடைக்காரர்களிடம் எந்த ஆண்டு கதவு திறந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். அக்காலத்தில் கடை தொடங்கியவர்களில் பலர் இன்று எழுபதை நெருங்கிவிட்டார்கள்.