லோகாயுக்தா: ரெய்டு மட்டும்தானா?

லோகாயுக்தா என்றதும் நம் நினைவுக்கு வருவது அதிரடிச் சோதனைதான். அதிகாரி வீட்டுப் பீரோவில் கட்டுக் கட்டாகப் பணம். மறுநாள் பத்திரிகையில் படம். ஆனால் அந்த அமைப்பு அதற்காக மட்டும் ஏற்பட்டதல்ல. அரசு அலுவலகத்தில் நியாயமான வேலை நடக்காமல் அலையும் சாமானியரின் குறையைக் கேட்பதும் அதன் கடமை. பெங்களூரில் பிழைக்க வந்த நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

மக்கள் குறை கேட்க 'ஆம்பட்ஸ்மன்' என்ற பதவியை ஸ்வீடன் நாடு 1809-லேயே ஏற்படுத்தியது. இந்தியாவில் மொரார்ஜி தேசாய் தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷன் 1966-ல் லோக்பால், லோகாயுக்தா அமைப்புகளைச் சிபாரிசு செய்தது. மகாராஷ்டிரம் 1971-லும், கர்நாடகம் 1984-லும் சட்டம் இயற்றின. மத்திய அரசின் சட்டம் 2013-ல்தான் வந்தது. தமிழ்நாட்டுச் சட்டம் 2018-ல் வந்தது.

இரண்டு வகை மனுக்கள்

கர்நாடகச் சட்டம் மனுக்களை இரண்டாகப் பிரிக்கிறது. லஞ்சம், அதிகார துஷ்பிரயோகம் போன்றவை குற்றச்சாட்டு. சம்பவம் நடந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கலாம். நிர்வாகக் கோளாறால், காரணமற்ற தாமதத்தால் ஒருவருக்கு நேரும் அநீதி, குறை. இதற்குக் கெடு, விஷயம் தெரியவந்த நாளிலிருந்து ஆறு மாதம் மட்டுமே.

நம்மவர்கள் தவறுவது இங்கேதான். வீட்டுப் பத்திரத்துக்குக் காத்தா மாற்ற வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும். 'நாளை வா' என்பார்கள். மொழி தெரியாத தயக்கம் ஒரு பக்கம், 'வெளியூர்க்காரனுக்கு ஏன் வம்பு' என்ற பயம் ஒரு பக்கம். புரோக்கரிடம் பணத்தைக் கொடுத்து ஆறு மாதம் ஓடிவிடும். மனுச் செய்யும் உரிமையும் அத்தோடு போய்விடும்.

பல் இருக்கிறதா?

குறை உண்மையென்று கண்டால் லோகாயுக்தாவோ உப லோகாயுக்தாவோ பரிகாரம் சிபாரிசு செய்யலாம். கோர்ட்டைப் போல் உத்தரவிட முடியாது. சிபாரிசின் மேல் எடுத்த நடவடிக்கையை அரசுத் தரப்பு தெரிவிக்க வேண்டும். அது திருப்தி தராவிட்டால் கவர்னருக்குத் தனி அறிக்கை அனுப்பலாம்; அது சட்டசபைக்கு வரும்.

ஆக, அரசுக்கு மனமிருந்தால்தான் இதற்கு வலு. 2011-ல் லோகாயுக்தா சந்தோஷ் ஹெக்டேயின் சுரங்க அறிக்கைக்குப் பின் முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலக நேர்ந்தது. 2016-ல் தனியாக ஊழல் தடுப்புப் படை அமைத்து, லோகாயுக்தா போலீசின் அதிகாரத்தை அரசு பறித்தது. 2022 ஆகஸ்டில் ஹைகோர்ட் அந்தப் படையை ரத்து செய்து அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது.

போலீஸ் அதிகாரம் திரும்பியது நல்லதே. ஆனால் ஏழையின் குறை மனுவின் மேல் தரப்படும் சிபாரிசு இன்றும் சிபாரிசாகவே நிற்கிறது. அதை ஏற்காத அதிகாரி இத்தனை நாளுக்குள் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணம் மனுதாரர் கைக்கும் வர வேண்டும் என்று விதி வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

முதலில் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நகல்களோடும் பிரமாணப் பத்திரத்தோடும் லோகாயுக்தாவுக்கு எழுதுங்கள். கன்னடம் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் போதும். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் தண்டனை உண்டு. உண்மையை எழுத அஞ்ச வேண்டியதில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். லோகாயுக்தா மாநில அரசு, மாநகராட்சி, மாநில அரசுக் கழகங்கள் ஆகியவற்றுக்கே. ரயில்வே, தபால் புகார்களை அந்தந்த இலாகாவுக்குத்தான் அனுப்ப வேண்டும். பாங்கு விஷயத்தில் முதலில் பாங்குக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கின் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

நம்மவர்களும் இந்த ஊரில் வரி கட்டுகிறார்கள். குறை சொல்லும் உரிமை அவர்களுக்கும் உண்டு. ஆறு மாதக் கெடு முடியுமுன் அதைக் காகிதத்தில் எழுத வேண்டும்.