மனைக்கு அனுமதி! பள்ளிக்கு இடம் எங்கே?

செவிலிமேடு 2011இல் காஞ்சி நகராட்சியில் சேர்ந்தது. 2021இல் காஞ்சி மாநகராட்சியாயிற்று. நஞ்சை மனையானால் நாற்று நட்ட கைகளுக்கு வேலை ஏது?

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்கச் சொல்கின்றன 2019ஆம் ஆண்டு விதிகள். நல்லது! குடியேறுவோரின் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்? 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி என்கிறது கல்வி உரிமை விதி. பணக்காரன் பிள்ளைக்கு வேன் வரும். தறிக்காரர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் நெரிசலில் நசுங்கவேண்டுமா?

“கட்டணம் கட்டிவிட்டோம்” என்பார்கள் மனை முதலாளிகள். கட்டணம் கஜானாவுக்குப் போகும். வகுப்பறை தானாக முளைக்காது!

ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளர்களே! பள்ளிக்கு இடம் ஒதுக்காத பெரிய மனைப்பிரிவுக்கு அனுமதி கூடாதென்று மாமன்ற உறுப்பினர்களிடம் திரண்டு சென்று கேட்போம். நிலம் கைமாறியபின் அழுது பயனில்லை!